38 வயதில் கியர் வண்டி: பின்னால் ஹாரன் அடித்தாலே கை நடுங்குகிறது, என்ன செய்யலாம்?

நொய்யல்கரை

வணக்கம். எனக்கு 38 வயது, ஊர் கோவை. பள்ளி, கல்லூரி, வேலை எல்லாமே டவுன் பஸ்ஸில் முடிந்துவிட்டதால் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் தேவையே வரவில்லை. இப்போது பார்க்கும் வேலையில் தொண்டாமுத்தூர், நரசிபுரம் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போக வேண்டியிருக்கிறது. பஸ் ஊர் முக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்து மாளாது. அதனால் 2016 மாடல் ஸ்பிளெண்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கையில் இருக்கிறது. நண்பரின் பல்சரில்தான் பழகினேன்.

காலியான ரோட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. கியர் மாற்றுகிறேன், திருப்புகிறேன், நிறுத்துகிறேன். கூட்டத்துக்குள் போனால்தான் எல்லாம் மறந்துவிடுகிறது. நின்று கிளம்பும்போது பின்னாலிருந்து ஒரு ஹாரன் வந்தால் போதும், கிளட்சை விட்டுவிடுகிறேன், வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிறது. அதற்குப் பின்னால் இன்னும் நாலு ஹாரன். வடகோவை மேம்பாலத்தில் ஏற்றத்தில் நின்றுவிட்டால் வியர்த்துவிடுகிறது.

கீழே விழுந்து அடிபடுமோ என்பதைவிட, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்பதுதான் என்னைப் படுத்துகிறது. ‘இந்த வயசுல வண்டி ஓட்டத் தெரியாதா?’ என்று நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். இந்தப் படபடப்பைக் கடந்து வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

வேகநரி

ரொம்ப யோசிக்காதீங்க அண்ணா. நேரா அவிநாசி ரோட்டுல இறக்குங்க. ஒரு வாரம் கூட்டத்துல ஓட்டினா பயம் தானா ஓடிரும். நான் லைசென்ஸ் வாங்கின கையோட கொல்லிமலை போனேன், 70 கொண்டை ஊசி வளைவு. திரும்பி வந்தப்ப எந்த ரோடும் ரோடாவே தெரியல.

தாமிரபரணிப்பெண்

வேகநரி தம்பி, உங்களுக்கு அது ஒத்து வந்திருக்கலாம். கை நடுங்கும் ஒருவரைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டால் அவர் கற்றுக்கொள்வது நடுங்கிக்கொண்டே ஓட்டத்தான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். என்னோடு கற்றுக்கொள்ளத் தொடங்கிய இரண்டு பெண்கள் இப்படித் தள்ளிவிடப்பட்டு, இன்றுவரை வண்டியைத் தொடுவதில்லை.

நொய்யல்கரை அண்ணா, நான் பாளையங்கோட்டையில் புல்லட் ஓட்டுகிறேன். கிட்டத்தட்ட 195 கிலோ எடை. பெண் புல்லட் ஓட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும், அதனால் பார்வைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். உங்கள் பதிவில் இரண்டு பயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. லாரி இடிக்குமோ, நாய் குறுக்கே வருமோ என்பது ஒன்று. அது கடைசிவரை இருக்கட்டும், அதுதான் நம்மை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். பார்க்கிறார்களே, ஹாரன் அடிக்கிறார்களே என்பது இன்னொன்று. உங்கள் கிளட்சை விடவைப்பது இந்த இரண்டாவது.

நின்ற இடத்தில் வண்டி ஆஃப் ஆவது ஆபத்தே இல்லை. பின்னால் இருப்பவனும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். ஹாரனுக்குப் பயந்து அவசரமாகக் கிளம்புவதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்த அவசரத்தில் நாம் இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை.

பழைய_வாத்தியார்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். மேலே அந்த அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என் பங்குக்கு, ஆஃப் ஆனால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். இதைக் கைக்குப் பழக்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஆஃப் ஆனதும் கிளட்சை முழுதாகப் பிடியுங்கள். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். செல்ஃபை அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளட்சைப் பிடித்திருந்தால் கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகிவிடும், நியூட்ரல் தேட வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒரு பார்வை, பிறகு கிளம்புங்கள். மொத்தமாகச் சில நொடிகள்தான். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கையைக் காட்டி வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் அங்கே நிதானமாகக் கிக்கரை உதையுங்கள்.

இதை ஆளில்லாத ரோட்டில் வேண்டுமென்றே செய்து பழகுங்கள். முதல் கியரில் நின்றுகொண்டு கிளட்சைச் சட்டென்று விடுங்கள், ஆஃப் ஆகட்டும். உடனே மேலே சொன்னபடி எழுப்புங்கள். மறுபடியும் அதையே செய்யுங்கள். என்னிடம் வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். வண்டி ஆஃப் ஆவது சாதாரண விஷயம் என்று கைக்கே தெரிந்துவிட்டால், ஹாரன் கேட்டாலும் கை அவசரப்படாது.

கிரீஸ்கை

துடியலூர்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். எல்லாரும் மனசைப் பத்திப் பேசறீங்க, வண்டியை யாராவது பார்த்தீங்களா? 2016 ஸ்பிளெண்டர்னா கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பற பாகம்) வண்டி. செகண்ட் ஹேண்டுல வாங்கினவங்க நிறையப் பேர் ‘எனக்கு கிளட்ச் வரலை’ன்னு சொல்லிட்டு வருவாங்க. பார்த்தா ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதப்ப எஞ்சின் ஓடற வேகம், இறங்கிக் கிடக்கும். நான் ஓட்டினாலும் ஆஃப் ஆகும்.

நொய்யல்கரை அண்ணா, மூணு விஷயம் கேட்கறேன், பார்த்துச் சொல்லுங்க. சூடான வண்டியை நியூட்ரல்ல விட்டுட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாம இருந்தா சீரா ஓடுதா, இல்லை திணறித் திணறி நிக்குதா? கிளட்ச் லிவரோட நுனியில விளையாட்டு, அதாவது கேபிள் இறுகறதுக்கு முன்னாடி லிவர் சும்மா ஆடற தூரம், எவ்வளவு இருக்கு? பொதுவா 10லிருந்து 20 மில்லிமீட்டர் இருக்கணும். அப்புறம் லிவரைப் பிடிச்சு விடும்போது கேபிள் வழுக்கிட்டுப் போகுதா, இல்லை சொரசொரன்னு மாட்டி மாட்டி வருதா?

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. கிரீஸ்கை அண்ணா, போய்ப் பார்த்தேன். நியூட்ரலில் விட்டால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. லிவரில் விளையாட்டே இல்லை, தொட்டவுடன் இறுக்கமாக இருக்கிறது. கேபிளும் நடுவில் ஒரு இடத்தில் பிடித்துவிட்டு டக்கென்று விடுகிறது. வண்டி என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. பல்சரில் ஒன்று கீழே, மற்றவை மேலே. இதில் எல்லாமே முன்னால் மிதிக்க வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் கால் குழம்புகிறது.

கிரீஸ்கை

அப்ப பாதி வியாதி வண்டிக்குத்தான். கேபிள் உள்ளே இழை பிரிஞ்சிருக்கும், மாத்திடுங்க, பெரிய செலவு இல்லை. நீங்க மெதுவா விடறதா நினைச்சாலும் அந்த மாட்டற இடம் தாண்டினதும் கிளட்ச் மொத்தமா வந்து விழுந்திரும். பிறகு எப்படிங்க குதிக்காம இருக்கும்? புதுக் கேபிளைப் போட்டு விளையாட்டையும் வைக்கச் சொல்லுங்க. கார்புரேட்டரைக் கழுவி ஐட்லிங்கைச் சரி பண்ணச் சொல்லுங்க. மார்கழிக் குளிர்ல காலையில சோக் போட்டு ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் சூடானதும் சோக்கை எடுத்துட்டுக் கிளம்புங்க.

கியர் விஷயம் உண்மைதான். ஸ்பிளெண்டர்ல நியூட்ரல்லருந்து நாலும் முன்பக்கம் மிதிக்கணும், குதிகால்ல பின்னாடி மிதிச்சா குறையும். பழக்கம் வரும்வரைக்கும் வேற வண்டியைத் தொடாதீங்க. ரெண்டுலயும் மாறி மாறி ஓட்டினா காலுக்கு எது எதுன்னு புரியாது.

அரை கிளட்ச்ல, அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடிச்சபடி, ஓட்டினா கிளட்ச் தட்டு தேஞ்சிரும்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. நம்ம பைக்குகள்ல கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயில்லயே ஊறிக் கிடக்கு. பழகற நேரத்துல தாராளமா அரை கிளட்ச் பிடிக்கலாம். ரொம்ப நேரம் தொடர்ந்து இழுத்துச் சூடு பண்ணாம இருந்தா போதும்.

உட்லண்ட்ஸ்_புதுகை

நான் புதுக்கோட்டைக்காரன், சிங்கப்பூரில் வேலை. ஊரில் வண்டி ஓட்டிப் பழக்கம் இருந்தும் இங்கே வகுப்பு 2பி லைசென்ஸுக்கு (200 சிசி வரை) ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அதில் கற்றது நொய்யல்கரைக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இங்கே பள்ளித் திடலுக்குள்ளேயே எல்லாம் நடக்கும். தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திய குறுகலான பலகை ஒன்று இருக்கும். அதிலிருந்து சக்கரம் இறங்காமல், அதே நேரம் மெதுவாகவும் ஓட்டிக் கடக்க வேண்டும். வேகமாகப் போனால் சுலபமாகக் கடந்துவிடலாம், அதனால்தான் வேகமாகப் போனால் மதிப்பெண் கிடையாது. இதோடு கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவது, எட்டு போடுவது, சட்டென்று பிரேக் பிடித்து நிறுத்துவது எல்லாம் உண்டு. இவற்றைத் தாண்டிய பிறகுதான் பொதுச்சாலை.

நம் ஊரில் ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போடுவதோடு சரி. அதையும் காலை ஊன்றாமல் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த எட்டில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. அரை கிளட்ச், சீரான ஆக்சிலரேட்டர், பின் பிரேக்கில் லேசான அழுத்தம், பார்வை அடுத்துத் திரும்பப்போகும் இடத்தில். மெதுவாக ஓட்டத் தெரிந்தவனுக்குக் கூட்டம் பெரிய பயமாக இருக்காது. கூட்டத்தில் யாரும் 60-ல் போவதில்லையே, 10-ல்தானே ஊர்கிறோம்.

ரோட்டில் வெள்ளைக் கோடு இருந்தால் அதையே பலகை என்று வைத்துக்கொள்ளலாம். ஆளில்லாத இடத்தில் கோட்டின்மேல் எவ்வளவு மெதுவாகப் போக முடிகிறது என்று பாருங்கள். முன்சக்கரத்தைப் பார்த்தால் ஆட்டம் கண்டுவிடும். தூரத்தில் கோடு முடியும் இடத்தைப் பாருங்கள்.

வேகநரி

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். கோட்டு மேல மெதுவா ஓட்டிப் பார்த்தேன், என்னாலயே நேரா போக முடியல. ஆனா ஒண்ணு, என்னைக்காவது கூட்டத்துக்குள்ள போய்த்தானே ஆகணும்? அதுக்கு என்ன வழி?

பழைய_வாத்தியார்

நல்ல கேள்வி தம்பி. படிப்படியாகத்தான் போக வேண்டும். தினம் போகும் ஒரே பாதையை எடுத்துக்கொண்டு, முதலில் ஞாயிறு அதிகாலையில் அதில் போகச் சொல்வேன். எந்த இடத்தில் வேகத்தடைக்கு வெள்ளை அடிக்கவில்லை, எங்கே மணல் கொட்டிக் கிடக்கிறது, ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்பதெல்லாம் மனதில் பதிந்துவிடும். பிறகு அதே பாதையில் மதியம். அதற்கும் பிறகுதான் மாலைக் கூட்டம். பாதை பழகியிருந்தால் மூளைக்குப் பாதி வேலை மிச்சம். புதிய பாதை, புதிய வண்டி, கூட்டம் மூன்றும் ஒரே நாளில் சேரக் கூடாது.

கோவையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பல இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்துவிட்டார்கள். புதிதாக ஓட்டுபவருக்குச் சிக்னலைவிட இது கஷ்டம். திரும்பும் இடத்துக்கு முன்பே இன்டிகேட்டரைப் போட்டு வலப்பக்கம் வந்துவிடுங்கள். முதல் கியரில், அரை கிளட்சில் வைத்துக்கொண்டு, தலையை நன்றாக வலப்பக்கம் திருப்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் போகும் பக்கம்தான் வண்டியும் போகும். நடுத்திட்டையே பயத்தோடு பார்த்தால் நேராக அதில் போய் நிற்கும். பஸ்ஸோ லாரியோ கூடவே திரும்பினால் அதற்கு உள்பக்கம் போய் நிற்காதீர்கள். திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்வாங்கி வரும்.

மேம்பால ஏற்றத்துக்கு: வலது காலால் பின் பிரேக்கை அழுத்தியபடி நில்லுங்கள், இடது கால் மட்டும் தரையில். முதல் கியர். கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனத்து, வண்டி முன்னால் போகத் துடிப்பது தெரியும். அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். சற்று முறுக்கி, பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வண்டி பின்னால் ஓர் அங்குலம்கூட நகராது. இரண்டு காலையும் ஊன்றினால்தான் பிரேக் பிடிக்கக் கால் இல்லாமல் போகிறது, அதனால்தான் பின்னால் உருளுமோ என்ற பயம் வருகிறது.

தாமிரபரணிப்பெண்

கால் எட்டாதவர்களுக்கும் இதுதான் வழி. என் உயரத்துக்கு இரண்டு காலும் முழுதாகத் தரையில் படாது. இடுப்பை இடப்பக்கம் லேசாக நகர்த்தினால் ஒரு கால் நன்றாகப் பதியும். ஊன்றும் இடத்தில் ஜல்லியோ மணலோ எண்ணெயோ இருக்கிறதா என்று நிற்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பதற்றம் வந்தால் உடம்பில் எங்கே தெரியும் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் தோள் காதுவரை ஏறிவிடும். முழங்கை விறைத்துவிடும். ஹேண்டில்பாரை நசுக்குவதுபோலப் பிடித்திருப்போம், ஆக்சிலரேட்டரும் தானாக முறுகும். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூச்சை நீளமாக விட்டுத் தோளைக் கீழே இறக்குவேன். பிடிப்பு முழுவதும் டேங்கை அணைக்கும் முழங்காலில் இருக்கட்டும். கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை

கேபிள் மாற்றியாயிற்று, ஐட்லிங்கும் சரி செய்தாயிற்று. வண்டியே வேறு வண்டி மாதிரி இருக்கிறது. கொடிசியா பக்கம் விடியற்காலையில் போய், வாத்தியார் ஐயா சொன்னபடி வேண்டுமென்றே ஆஃப் செய்து செய்து எழுப்பினேன். இப்போது அது கைக்குத் தானாக வருகிறது. நேற்று மாலை வடகோவை மேம்பாலத்தில் நின்றேன். பின்னால் கார்க்காரர் ஹாரன் அடித்தார். நெஞ்சு படபடத்தது, ஆனால் கிளட்சை விடவில்லை. நிதானமாகத்தான் கிளம்பினேன்.

ஒரு சந்தேகம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ‘முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்த்துவிடும்’ என்றார். அதனால் பின் பிரேக் மட்டும்தான் பிடிக்கிறேன். சரிதானா?

கிரீஸ்கை

இல்லைங்க. இந்த ஒரு அறிவுரையாலேயே நிறையப் பேர் முன்னாடி போற வண்டியில போய் முட்டறாங்க.

பழைய_வாத்தியார்

ஊரெல்லாம் பரவியிருக்கும் இந்தத் தவறான பாடத்தைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு வருகிறது. தரையை அப்போது நன்றாகக் கவ்வுவது முன்சக்கரம்தான். பின்சக்கரம் பாரம் குறைந்து லேசாகிவிடும், அதை மட்டும் அழுத்தினால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்கவும் நிற்காது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், ஹேண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கைப் படக்கென்று பிடித்தால் வண்டி சாயும். மணலிலும் சாயும். ஆகவே மெதுவாக ஊரும்போதும் திரும்பும்போதும் பின் பிரேக். நேராகப் போகும்போது இரண்டும் சேர்ந்து. முன் லிவரைக் குத்தாமல், முதலில் லேசாகத் தொட்டுப் பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். காலி ரோட்டில் முதலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் செய்து பாருங்கள், பிறகு 30.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ்., 125 சிசி வரை உள்ளவற்றுக்கு இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். என்று கட்டாயமாக்கினார்கள். உங்களுடையது 2016, அதில் இவை இருக்காது. உங்கள் கையும் காலும்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறீர்கள். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியபின் இரண்டு நொடி கழித்து நீங்கள் தாண்டும்படி இடைவெளி விடுங்கள். நடுவில் எவனாவது நுழைவான். நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள்.

உட்லண்ட்ஸ்_புதுகை

ஹெல்மெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. 2021 ஜூன் முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ரோட்டோரம் மலிவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள். தலைக்குச் சரியான அளவில் வாங்கி, வாரைப் பூட்டினால் பதற்றத்துக்கும் கொஞ்சம் நல்லது. அளவு பெரிதாக இருந்தால் ஹெல்மெட் ஆடிக்கொண்டே இருக்கும், கவனம் அங்கேயே போகும்.

தாமிரபரணிப்பெண்

நொய்யல்கரை அண்ணா, நரசிபுரம் பக்கம் என்றால் மலையடிவாரம். யானை நடமாட்டம் உண்டு. இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

நொய்யல்கரை

ஆமாம் சகோதரி, தோட்டக்காரர்களும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். நாலரைக்குள் கிளம்பிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. மனைவி பின்னால் உட்கார்ந்து வர ஆசைப்படுகிறார். எப்போது ஏற்றலாம்?

பழைய_வாத்தியார்

எல்.எல்.ஆர். இருக்கும்வரை சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றச் சட்டத்தில் இடமில்லை. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம், அது ஆறு மாதம் செல்லும். அவசரம் இல்லை.

லைசென்ஸ் வந்த பிறகும் முதலில் காலி ரோட்டில் ஏற்றிப் பழகுங்கள். பின்னால் ஆள் இருந்தால் கிளம்ப இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும், நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கும், யூ டர்னில் பாரம் வேறு மாதிரி இழுக்கும். பின்சக்கரக் காற்றையும் இரண்டு பேருக்கான அளவுக்கு ஏற்றிவிடுங்கள், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். உங்கள் மனைவிக்கும் ஹெல்மெட் வாங்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள், சேலை என்றால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளட்டும்.